சிவ்ரியின் பூநாரைக்குக் கிடைத்த கவனிப்பைத் தாதர் கரையில் ஒதுங்கும் கரும்பறவைக்கும் தாருங்கள்

பெறுநர்: மகாராஷ்டிர வனத்துறையின் அலையாத்திக் காடுகள் பிரிவு அதிகாரிகளும், மும்பைக் கடற்கரைகளில் பறவை மீட்புப் பணி செய்யும் தன்னார்வலர்களும்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். மாட்டுங்காவில் முப்பத்தைந்து ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். துறைமுகக் கணக்குப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, காலை நடைக்குத் தாதர் கடற்கரைக்கும், குளிர்காலத்தில் பூநாரை பார்க்கச் சிவ்ரிக்கும் போய்வருவதே என் அன்றாட வேலை. இந்த மடலின் மராத்தி வடிவத்தைத் தபாலில் தனியே அனுப்பியிருக்கிறேன். தமிழிலும் பொதுவில் எழுதுவதற்குக் காரணம், தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் மாஹிமிலும் இருந்து விடியற்காலையில் கரைக்கு வருகிறவர்களில் கணிசமானோர் நம்மவர்கள் என்பதும், மழைக்காலத்தில் ஒதுங்கும் பறவையை முதலில் காண்பது பெரும்பாலும் அவர்கள்தான் என்பதுமே.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய ஜூலையில், மூன்று நாள் விடாமல் பெய்த மழை சற்று ஓய்ந்த ஒரு காலையில், தெர்மோகோல் துண்டுகளுக்கும் அறுந்த செருப்புகளுக்கும் பால் பாக்கெட்டுகளுக்கும் நடுவே, காக்கையைவிடச் சற்றுப் பெரிய ஒரு கரும்பறவை வயிற்றை மணலில் அழுத்திக் கிடந்தது. உயிர் இருந்தது. எழ முயன்று, முடியாமல், மார்பால் உந்தி ஓரடி நகர்ந்து நின்றது. அலகின் மேல் இரண்டு சிறிய குழாய்கள் சேர்ந்தாற்போல் நாசித் துளைகள் இருந்ததைக் கண்டதும், இது ஆழ்கடலிலேயே வாழ்ந்து திரியும் ஷியர்வாட்டர் வகைப் பறவை என்பது எனக்குப் புரிந்துவிட்டது. அந்த அரைகுறை அறிவுதான் வினையாயிற்று. பறவைக் கையேட்டில் படித்திருந்த 'சதைநிறக்கால் ஷியர்வாட்டர்' என்ற பெயர் நினைவுக்கு வர, குனிந்து பாதத்தைப் பார்த்தேன், இளஞ்சிவப்பாக இருந்தது. பெரிய கண்டுபிடிப்புச் செய்துவிட்ட பூரிப்பில் பாதத்தை மட்டும் கைப்பேசியில் படம் எடுத்தேன். பிறகு, கடல் பறவை கடலில்தானே இருக்க வேண்டும் என்று எண்ணி, அதைத் துண்டில் பொதிந்து எடுத்துப்போய் முழங்கால் அளவு நீரில் விட்டேன். இரண்டு அலைகள் அதைப் புரட்டின. மூன்றாவது அலை திருப்பிக் கொண்டுவந்து போட்டபோது அது இறந்திருந்தது. தேங்காய் மட்டையால் மணலைத் தோண்டிப் புதைத்துவிட்டு வீட்டுக்கு வந்து காப்பி குடித்தேன்.

அன்று மாலை கையேட்டை மறுபடி புரட்டியபோதுதான், அரபிக்கடலில் மழைக்காலத்தில் திரியும் இன்னொரு கரும்பறவையான ஆப்புவால் ஷியர்வாட்டருக்கும் கால் அதே இளஞ்சிவப்புதான் என்று படித்தேன். பாதத்தின் நிறத்தை வைத்துப் பெயர் சூட்டியவர்கள் அந்த ஒரு அடையாளத்தால் மட்டும் இரண்டையும் பிரிக்க முடியாது என்பதைப் பெயரிலேயே எழுதி வைத்திருக்கக் கூடாதா என்று அன்று எரிச்சலாக இருந்தது. என் கையில் இறந்தது இரண்டில் எது என்பதைச் சொல்ல இனி வழியே இல்லை. இந்தப் பறவைகளின் பாதுகாப்பு நிலையைப் பற்றி நான் உங்களிடம் கேட்கப்போகும் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு படம்தான் காரணம்.

இரண்டும் அர்டென்னா என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. ஏறத்தாழ ஒரே நீளம், இறக்கை விரித்தால் சுமார் ஒரு மீட்டர், உடல் முழுதும் புகைபடிந்த பழுப்பு. இறக்கையை விறைப்பாக வைத்துக்கொண்டு, நுனியால் நீரை வெட்டிச் செல்வதுபோல் அலையோடு அலையாகச் சறுக்கிப் பறப்பதால் வந்த பெயர்தான் ஷியர்வாட்டர். வேற்றுமையைக் காட்டுவது முதலில் அலகு. சதைநிறக்கால் பறவைக்கு வைக்கோல் நிறத்திலோ வெளிறிய இளஞ்சிவப்பிலோ பருத்த அலகும், அதன் நுனியில் மை தொட்டாற்போல் கருமையும் இருக்கும். ஆப்புவால் பறவையின் அலகு மெலிந்தது; முழுதும் கருஞ்சாம்பல். அடுத்தது வால். ஆப்புவாலுக்கு அது நீண்டு, விரித்தால் தச்சர் அடிக்கும் ஆப்பின் வடிவில் குவிந்திருக்கும். மற்றதற்கு அது குட்டையாகவும் வட்டமாகவும் இருக்கும். எடையில் சதைநிறக்கால் பறவைதான் கனமானது. ஆனால் நாட்கணக்கில் இரை கிடைக்காமல் புயற்காற்றில் அலைக்கழிந்து கரையில் விழும் பறவையை நிறுத்துப் பார்த்து இனம் சொல்வது ஏமாறும் வழி. ஆப்புவால் இனத்தில் வயிறு வெளுத்த வகை ஒன்றும் உண்டு. அதைவிடப் பெரிய சிக்கல் மும்பைக்கே உரியது. ஆண்டுதோறும் மழைக்காலத்தில் ஜுஹு முதல் தாதர் வரை ஒதுங்கும் தார் உருண்டைகளில் புரண்ட எந்தப் பறவையும், அது வெள்ளை வயிறு கொண்ட பாரசீக ஷியர்வாட்டராகவே இருந்தாலும், கரும்பறவையாகத்தான் கண்ணில் படும்.

இப்போது நிலைமைக்கு வருகிறேன். எந்த உயிரினம் அழிவை எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்று தரம் பிரிக்கும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் ஆப்புவால் ஷியர்வாட்டர் 'தீவாய்ப்பு குறைந்தது' என்ற தட்டில் இருக்கிறது. இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் வெப்பமண்டலத் தீவுகள் எங்கும், சீஷெல்ஸ் முதல் ஹவாய் வரை, அது வளை தோண்டிக் கூடு கட்டுகிறது. உலகில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகள் உள்ளன என்பது மதிப்பீடு. சதைநிறக்கால் ஷியர்வாட்டர் 'அச்சுறு நிலையை அண்மித்தது'. 2015-இல் வெளியான கணக்கெடுப்பின்படி உலகம் முழுவதும் கூடு கட்டும் இணைகள் ஏறத்தாழ 74,000. மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்கரைத் தீவுகள், நியூசிலாந்தின் வடபகுதித் தீவுகள், லார்ட் ஹோவ் தீவு, இந்தியப் பெருங்கடலின் நட்டநடுவில் பிரான்சுக்குச் சொந்தமான செயின்ட் பால் தீவு ஆகியவற்றோடு அதன் குடியிருப்பு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. இரண்டு இனமும் ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். அந்த முட்டை பொரிந்து, குஞ்சு வளர்ந்து, பல ஆண்டுகள் கடலில் திரிந்து, தானும் ஒரு முட்டை இடும் வயதை அடைந்தால்தான் கணக்கு நேராகும். வளர்ந்த பறவை ஒன்று தூண்டிலில் சிக்கிச் செத்தால், அந்த இழப்பு அடுத்த ஆண்டே ஈடாகிவிடும் வகையைச் சேர்ந்த பறவைகள் அல்ல இவை.

'அண்மித்தது' என்ற சொல் நம் காதில் பெரிதாக ஒலிப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். எனவே சிவ்ரியிலிருந்து ஓர் ஒப்புமை சொல்கிறேன். தானே கழிமுகத்தில் நம்மிடம் வருவதும் இரண்டு பூநாரை இனங்களே. பெரிய பூநாரை 'தீவாய்ப்பு குறைந்தது'. சிறிய பூநாரை 'அச்சுறு நிலையை அண்மித்தது'. அதாவது, எந்தப் பறவைக்காக 2015-இல் சரணாலயம் அறிவித்தோமோ, 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம் பெற்றுத் தந்தோமோ, எந்தப் பறவையைச் சுவரோவியமாகவும் பேருந்து நிறுத்தப் படமாகவும் நகரம் முழுக்கத் தீட்டியிருக்கிறோமோ, அதே தட்டில்தான் குப்பையோடு குப்பையாக நாம் தாண்டிப் போகும் சதைநிறக்கால் ஷியர்வாட்டரும் இருக்கிறது. அங்கும் இரண்டு இனத்தையும் பிரித்தறிய அலகைத்தான் பார்க்கிறோம்; சிறிய பூநாரையின் அலகு கருஞ்சிவப்பு, பெரியதன் அலகு நுனி மட்டும் கறுத்த இளஞ்சிவப்பு. சிவ்ரிப் படகுத்துறையில் பள்ளிப் பிள்ளைகள்கூட இதைச் சொல்லிவிடுகிறார்கள். எண்ணிக்கையை ஒப்பிட்டால் இன்னும் வியப்பாக இருக்கும். சிறிய பூநாரைகள் உலகில் இருபது லட்சத்துக்கும் மேல். சதைநிறக்கால் இணைகளோ முக்கால் லட்சம். இவ்வளவு வேறுபட்ட இரண்டும் ஒரே தட்டில் இருப்பதற்குக் காரணம், அந்தப் பட்டியல் தலைகளை எண்ணுவதோடு நிற்காமல், மூன்று தலைமுறைக் காலத்தில் எவ்வளவு வேகமாகக் குறைகின்றன என்பதையும் பார்ப்பதுதான். மூன்று தலைமுறையில் முப்பது விழுக்காடு குறைந்தால் ஓர் இனம் 'அழிவாய்ப்பு' வகைக்குள் விழும். இவை அந்தக் கோட்டை நெருங்கிக்கொண்டிருப்பவை. ஆப்புவாலின் தொகையும் குறைந்துவருவதாகவே கருதப்படுகிறது. பெருங்கூட்டமாக இருப்பதால் அதன் தேய்மானம் இன்னும் தட்டை மாற்றவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு வரை சதைநிறக்கால் பறவையும் அதே கவலையற்ற தட்டில்தான் இருந்தது.

ஏன் ஒன்று மற்றதைவிட வேகமாகக் குறைகிறது என்பதற்குப் பிளாஸ்டிக் ஒரு பெரிய விடை. டாஸ்மன் கடலில் பதினைந்து சதுர கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைந்த பரப்புள்ள லார்ட் ஹோவ் தீவில் இரண்டு இனமும் கூடு கட்டுகின்றன. அங்கு இறந்த ஒரு சதைநிறக்கால் குஞ்சின் வயிற்றிலிருந்து ஆய்வாளர்கள் 276 பிளாஸ்டிக் துண்டுகளை எடுத்தார்கள். பறக்கவே தொடங்காத குஞ்சு அது. அத்தனையும் தாயும் தகப்பனும் கடல் மேற்பரப்பில் மிதந்ததை இரை என்று எண்ணி விழுங்கி, வளைக்குத் திரும்பி, கக்கி ஊட்டியவை. பாட்டில் மூடி, பலூன் கட்டும் கிளிப்பு, உருக்கி வார்ப்பதற்கு முந்தைய பிளாஸ்டிக் மணிகள் என்று நம் கரையில் கால் வைக்கும் இடமெல்லாம் கிடக்கும் அதே சரக்கு. 2023-இல் இதே தீவின் இதே பறவையில், பிளாஸ்டிக் துணுக்குகள் இரைப்பையின் சுவரை இடைவிடாமல் உராய்ந்து தழும்பாக்கும் நோய்க்குப் 'பிளாஸ்டிகோசிஸ்' என்று பெயர் வைத்தார்கள். ஒரு நோய்க்கு ஒரு பொருளின் பெயரை வைக்கும்படி ஆனதை எண்ணி அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆப்புவால் பறவையும் பிளாஸ்டிக்கிலிருந்து தப்பவில்லை. பெருந்தடுப்புப் பவளப்பாறைப் பகுதியில் நடந்த ஓர் ஆய்வில் ஐந்தில் ஒரு குஞ்சின் வயிற்றில் அது இருந்தது. ஆனால் அங்கு ஒரு குஞ்சுக்குச் சராசரியாக நான்கைந்து துண்டுகளுக்கும் குறைவு. லார்ட் ஹோவ் குஞ்சுகளோடு ஒப்பிட அளவே கிடையாது.

இரண்டாவது விடை தூண்டில். ஒரே கயிற்றில் நூற்றுக்கணக்கான முட்களைக் கோத்துவிடும் நீளத் தூண்டிலின் இரையைப் பின்தொடர்ந்து முங்கி எடுக்கும் வழக்கம் சதைநிறக்கால் பறவைக்கு மிக அதிகம். படகின் பின்னால் பயமின்றி ஒட்டிக்கொண்டு வரும் பறவை அது. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரைச் சூரைமீன் பிடிப்பில் 1998 முதல் 2002 வரை ஆயிரக்கணக்கில் அது செத்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆப்புவாலுக்கும் சூரைமீன் கூட்டத்தோடு உறவு உண்டு என்றாலும், அது பெரும்பாலும் சூரை கீழிருந்து விரட்டிவிடும் சிறுமீன்களை மேற்பரப்பில் கொத்தித் தின்னும். பறவை வட்டமிடும் இடம் பார்த்துச் சூரைக்கு வலையும் தூண்டிலும் விடுகிறவர்களுக்கு இதை நான் சொல்லித்தரத் தேவையில்லை. கன்னியாகுமரிக் கடலோரத்திலிருந்து வந்து இந்த மேற்குக் கடலில் வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்யும் நம் தூத்தூர்ப் பக்கத்து மீனவர்கள் என்னைவிட நன்றாகவே அறிவார்கள்.

இந்த இடத்தில் ஆட்சியாளர்களின் கவனத்துக்கு ஓர் ஓட்டையைக் காட்ட விரும்புகிறேன். இந்தியாவும் உறுப்பு நாடாக உள்ள இந்தியப் பெருங்கடல் சூரைமீன் ஆணையம், நீளத் தூண்டிலில் கடற்பறவை சிக்குவதைக் குறைக்க விதி வகுத்திருக்கிறது. இரவில் தூண்டில் விடுவது, பறவையை விரட்டும் நாடாக் கயிறு கட்டுவது, தூண்டில் விரைந்து மூழ்க ஈயம் சேர்ப்பது ஆகிய மூன்றில் இரண்டையாவது செய்ய வேண்டும், அல்லது முள்ளை மூடும் கருவியைப் பயன்படுத்த வேண்டும். நல்ல விதி. ஆனால் அது 25 பாகை தென் அட்சரேகைக்குத் தெற்கே மட்டுமே செல்லும். தென்கடல்களின் பெரிய பறவைகளான அல்பட்ராஸ்களை மனத்தில் வைத்து எழுதிய விதி என்பதால் அந்தக் கோடு அங்கே விழுந்திருக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியத் தீவுகளிலும் செயின்ட் பாலிலும் கூடு கட்டும் சதைநிறக்கால் பறவைகள், முட்டைக் காலம் முடிந்ததும், ஏப்ரல், மே வாக்கில் வடக்கே கிளம்பி, நம் தென்மேற்குப் பருவமழைக் காலத்தை அரபிக்கடலில் கழிக்கின்றன. தெற்கில் குஞ்சு வளர்க்கும்போது அந்த விதியின் நிழலில் இருக்கும் பறவை, நம் கடலுக்கு விருந்தாக வந்தவுடன் விதியற்ற கடலில் இரை தேடுகிறது. பன்னாட்டு விதியை மாற்றுவது உங்கள் பிரிவின் வேலை அல்ல என்று அறிவேன். ஆனால், எங்கள் கடலில் இந்தப் பறவை இருக்கிறது, இத்தனை ஒதுங்கின, இன்ன மாதத்தில் ஒதுங்கின என்ற பதிவு இருந்தால் அல்லவா டெல்லியில் இருப்பவர்கள் அங்கே போய் வாய் திறக்க முடியும்? 'கருநிறக் கடற்பறவை, 1' என்ற பதிவை வைத்துக்கொண்டு எந்தக் கூட்டத்திலும் எதையும் கேட்க முடியாது. இரண்டு இனமும் ஒன்றாக எழுதப்படும்போது, குறைந்துவரும் பறவை எண்ணிக்கையில் மிகுந்த பறவையின் கணக்கில் கரைந்துபோகிறது.

ஆகவே நான் கேட்பது பெரும்பாலும் சிறிய காரியங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை கரையில் பணி செய்யும் வனக்காவலர்களுக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் மீட்புக் குழுவினருக்கும் மராத்தி, இந்தி, தமிழ் மூன்றிலும் உள்ளங்கை அகல அட்டை ஒன்று அச்சிட்டுத் தாருங்கள். அதில் இரண்டு அலகுகளின் படமும் இரண்டு வால்களின் படமும் இருந்தால் போதும். ஒதுங்கிய பறவையைப் பக்கவாட்டில் அலகு தெரிய ஒரு படம், வாலை விசிறிபோல் விரித்து ஒரு படம், இறக்கையின் அடிப்புறம் ஒரு படம், மடக்கிய இறக்கையின் நீளத்தை அளவுநாடாவோடு சேர்த்து ஒரு படம் என்று எடுக்கச் சொல்லுங்கள். பாதத்தின் படம் கடைசியில் வரட்டும், வராவிட்டாலும் குற்றமில்லை.

உயிரோடு இருந்தால் என்ன செய்வது என்பதும் அதே அட்டையில் வேண்டும். இந்தப் பறவைகளின் கால் உடலின் பின்புறம் தள்ளி அமைந்தது, நீந்தவும் முங்கவும் ஏற்றது. தரையில் அவை வயிற்றால் தவழ்வதே வழக்கம். கால் முறிந்துவிட்டது என்று நினைத்துக் கட்டுப்போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், நானும் அப்படித்தான் முதலில் எண்ணினேன். கட்டும் போட வேண்டாம், வாயில் தண்ணீரும் ஊற்ற வேண்டாம், பசிக்கிறதே என்று பிரெட் துண்டும் திணிக்க வேண்டாம். காற்றுப் போக ஓட்டையிட்ட அட்டைப்பெட்டியில் பழைய துணி விரித்து, மூடி, இருட்டில், ஈரமின்றி வைத்து மருத்துவரிடம் சேர்ப்பதே அதற்குச் செய்யும் உதவி. எல்லாவற்றுக்கும் மேலாக, கடலில் திருப்பி விடாதீர்கள். களைத்து, எண்ணெய்ப்பசை போன இறகோடு ஒதுங்கிய பறவை நீரில் ஊறிக் கனத்து முழுகும். நான் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

இறந்திருந்தால் புதைக்காதீர்கள் என்று என் போன்றவர்களுக்கு நீங்கள் சொல்ல வேண்டும். 1883-இல் தொடங்கிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமும், லட்சத்துக்கும் மேற்பட்ட விலங்கு, பறவை மாதிரிகள் கொண்ட அதன் சேகரமும் கோட்டைப் பகுதியில், ஹார்ன்பில் ஹவுஸில், கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. இந்தியாவில் இப்படிப்பட்ட வசதி வாய்த்த நகரம் வேறு ஏது? இறந்த பறவையை உறையிட்டு, நாளும் இடமும் எழுதிய சீட்டோடு, முறையான அனுமதியின் கீழ்க் குளிர்ப்பெட்டியில் வைத்து அங்கே சேர்க்கும் ஏற்பாட்டை உங்கள் பிரிவே செய்து தர வேண்டும். தனி மனிதர் காட்டுப் பறவையின் உடலைப் பையில் போட்டுக்கொண்டு லோக்கல் ரயிலில் ஏறினால் அது சட்டப்படி வேறு கதையாகிவிடும். வயிற்றைத் திறந்து பார்த்தால் பிளாஸ்டிக் எவ்வளவு என்ற கணக்கும் கிடைக்கும். லார்ட் ஹோவ் தீவுக்காரர்கள் பல ஆண்டுகளாக அந்தக் கணக்கை எழுதிவருகிறார்கள்; அரபிக்கடலில் மழைக்காலத்தைக் கழிக்கும் பறவைகளுக்கு அதை எழுத வேண்டிய இடம் இந்தக் கரை.

இன்னொன்று. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் 61 நாட்கள் மீன்பிடித் தடை. இந்தப் பறவைகள் நம் கடலில் இருக்கும் உச்சக் காலத்தில் விசைப்படகுகள் சசூன் டாக்கிலும் பாவுச்சா தக்காவிலும் கட்டிக்கிடக்கின்றன. ஆகவே கடலுக்குள் அவற்றைப் பார்க்கும் கண்கள் அப்போது குறைவு. நாரளி பூர்ணிமைக்குத் தேங்காய் விட்டுத் தொழில் தொடங்கும் கோலி மக்களிடமும், ஆகஸ்டில் இறங்கும் நம் தென்கோடிப் படகுகளிடமும், படகை ஓட்டும் ஸ்ராங்கின் கையில் இருக்கும் கைப்பேசியால் பறவையின் அலகைப் படம் எடுத்து அனுப்புமாறு கேட்டால் மறுக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன். தூண்டிலில் பறவை சிக்கியதைச் சொன்னால் வழக்குப் போடுவார்களோ என்ற அச்சம் அவர்களுக்கு இருப்பது இயல்பு. அந்த அச்சத்தை எழுத்து மூலம் நீக்குவது உங்கள் கையில் இருக்கிறது.

தாதர் கரையில் பிள்ளைகள் இவற்றையெல்லாம் 'கடல் காக்கா' என்றுதான் சொல்கிறார்கள். அவர்களிடம் அலகைப் பார்க்கச் சொல்லிப் பழக்கும் வேலையை, உங்கள் அட்டை வரும் வரை, கையால் வரைந்த படம் ஒன்றை வைத்துக்கொண்டு நானும் என் நடைத் தோழர் இருவரும் இந்த ஜூனிலிருந்து செய்யப்போகிறோம். எனது அந்த ஒற்றைப் படத்தை இதனுடன் இணைத்திருக்கிறேன். இரண்டு இளஞ்சிவப்புப் பாதங்கள், ஒரு நீலப் பாட்டில் மூடி, என் செருப்பின் ஓரம். அவ்வளவுதான் அதில் தெரிகிறது.

இப்படிக்கு,
மாட்டுங்காவாசி ஒருவர்